அச்சில் ஒட்டாமல் அச்சு முறுக்கு சுடும் முறை

தருமபுரி கோவிலூரிலும் கிருஷ்ணகிரியை அடுத்த எலத்தகிரியிலும் உள்ள கிறிஸ்தவ வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் சென்றால், தட்டில் கேக்குடன் அச்சு முறுக்கும் வந்துவிடும். பெயர்தான் முறுக்கு, உண்மையில் இது பூப்போல் விரிந்த, மொறுமொறுப்பான இனிப்பு. இதைத் தெலுங்கில் குலாபி புவ்வுலு என்பார்கள். முதன்முறை சுடுபவர்களின் காலை வாரிவிடுவது பெரும்பாலும் மாவு அன்று, மாவில் முக்கி எண்ணெயில் இறக்கும், நீண்ட பிடியுள்ள பூ வடிவ அச்சுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிய அச்சை நன்றாகக் கழுவி, ஓர் இரவு முழுவதும் அரிசி கழுவிய நீரில் ஊறவிட்டு, மறுநாள் ஈரம் போகத் துடைத்து எண்ணெயில் மூழ்க வைத்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் முதல் இரண்டு மூன்று முறுக்குகள் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரலாம். அதற்காக மாவில் எதையும் மாற்ற வேண்டாம்.

பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணி மேல் பரப்பி, கையில் ஈரம் தெரியும் பதத்திலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அந்த மாவு 2 கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி எள், சிறிது ஏலக்காய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, கெட்டியான தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை கப் பால் பிடிக்கும்; கடையில் வாங்கிய உலர்ந்த மாவென்றால் இன்னும் கொஞ்சம் கேட்கும். தோசை மாவைவிடச் சற்று நீர்த்து, விரலை விட்டு எடுத்தால் மெல்லிய படலமாக ஒட்டுவதே சரியான பதம். சர்க்கரையைக் கூட்டினால் முறுக்கு சீக்கிரம் கருகும், அச்சிலும் ஒட்டும்.

அடி கனமான வாணலியில் அச்சு மூழ்கும் அளவுக்குக் கடலை எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் அச்சையும் அதிலேயே 5 நிமிடம் போட்டுக் காய வையுங்கள். பிறகு எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் பாகம் மட்டும் அமிழ்த்துங்கள். அந்த நொடியில் ‘சுர்ர்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அச்சு போதுமான அளவு காயவில்லை என்று பொருள். நான் முதன்முதலில் சுட்டபோது அச்சை முழுவதுமாக மாவில் முக்கிவிட்டேன். மேல்பக்கமும் மூடிக்கொண்டதால் முறுக்கு கழலவே இல்லை, கத்தியால் சுரண்டித்தான் எடுத்தேன்.

மாவு ஒட்டிய அச்சை உடனே எண்ணெயில் இறக்கி, 15 முதல் 20 விநாடி பொறுத்து, மெதுவாக ஆட்டினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். கழலாவிட்டால் குச்சியால் ஓரத்தில் இலேசாகத் தள்ளிவிடலாம். திருப்பிப் போட்டு, குமிழிகள் அடங்கிப் பொன்னிறமானதும் எடுங்கள். சூட்டில் வளைந்து கொடுக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பாகும். அடுத்ததைச் சுடும்வரை அச்சு எண்ணெயிலேயே கிடக்கட்டும். அரிசி மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கிய பிறகே அச்சை முக்க வேண்டும்.

நம் பக்கத்து மார்கழிப் பனியில் முறுக்கைத் திறந்து வைத்தால் காலைக்குள் நமத்துப்போகும். நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் இரண்டு வாரம் தாங்கும். அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவாமல், துணியால் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுங்கள். அடுத்த டிசம்பரில் மறுபடியும் பழக்க வேண்டிய வேலை இருக்காது.