பெத்தாங்க் ஆடப் பழகலாம், நான் தோற்ற வரிசையிலேயே

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதுச்சேரியில் ஒரு பெத்தாங்க் போட்டியில் ஆடினேன். பெத்தாங்க் என்பது இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சு ஆட்டம். கத்துக்குட்டிகளுக்கான போட்டிதான். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. எனக்கு எறியவே வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிறு ராத்திரி கடலூர் பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் புள்ளிகள் குண்டு கையைவிட்டுப் போகும் முன்பே போயிருக்கின்றன. மிச்சம், குண்டு விழுந்து நின்ற பிறகு. அதனால் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு, கோட்டைவிட்ட வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் எளிது. கொஷொனே என்ற சின்ன மரக்குண்டை 6 முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் எறிவார்கள். கொஷொனே என்றால் பிரெஞ்சில் பன்றிக்குட்டி. அதன் கிட்டே இரும்புக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிரணியின் மிகக் கிட்டிய குண்டைவிட நம்முடையவை எத்தனை கிட்டே நிற்கின்றனவோ அத்தனை புள்ளி. முதலில் 13 எடுக்கும் அணிக்கு வெற்றி. மூவர் அணியில் ஆளுக்கு 2 குண்டு, இருவர் அணியில் ஆளுக்கு 3. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போனாலும் ஆட்டம் ஊரைவிட்டுப் போகவில்லை. எங்கள் அணித்தலைவரான என் மாமாவும் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தாதான், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய்.

1. குண்டு

போட்டிக் குண்டின் எடை 650 முதல் 800 கிராம், விட்டம் 7.05 முதல் 8 சென்டிமீட்டர். முதல் நாளே வாங்காதீர்கள், இரவல் கேளுங்கள். உள்ளங்கையில் உருட்டினால் விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டும், பிதுங்கக் கூடாது. குண்டின் மேல் எண்ணும் எடையும் பொறித்திருக்கும், அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூவர் ஆட்டத்தில் 12 குண்டு கிடக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாயல்.

2. தரை

என் பெரிய தப்பு இங்கேதான். ஒரு மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழகினேன். மணல் குண்டை அப்படியே விழுங்கும், விழுந்த இடத்திலேயே நிற்கும். ஆகா, நமக்குக் கை படிந்துவிட்டது என்று நினைத்தேன். சனிக்கிழமை திடலில் கெட்டித்த செம்மண், மேலே பொடிச் சரளை. என் முதல் குண்டு கொஷொனேவைத் தாண்டி, நிற்கிற மாதிரி பாவனை காட்டி, இன்னும் நாலு மீட்டர் ஓடியது. 13-0. பிரான்சில் இப்படித் தோற்றால் ஃபானி என்ற பெண்ணின் பின்புறப் படத்துக்கு முத்தம் கொடுக்கச் சொல்வார்களாம். இங்கே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததோடு தப்பித்தேன்.

ஆக, கடினமான மண்தரையில் பழகுங்கள். நடுவழியில் ஒரு துண்டை விரித்து, குண்டு அதன்மேல் விழ வேண்டும் என்று குறி வையுங்கள். கண் கொஷொனேமேல் இருக்கக் கூடாது, விழும் இடத்தின்மேல் இருக்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்க்க, குண்டை மேலிருந்து கவ்விப் பிடித்து, விடும்போது மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினால் குண்டு பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு போகும். விழுந்ததும் அந்தச் சுழற்சியே பிரேக். உள்ளங்கை வானத்தைப் பார்த்தால் என் குண்டு மாதிரி ஓடும்.

3. கால்

35 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இரண்டு பாதமும் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. குண்டு தரை தொடும்வரை கால் முழுசாகத் தூக்கப்படக் கூடாது. பெத்தாங்க் என்ற பெயரே ஊன்றிய கால் என்ற பொருளில் வந்ததுதான். 1907 வாக்கில் பிரான்சின் லா சியோத்தா ஊரில், ஓடிவந்து எறிய முடியாத மூட்டுவலிக்காரர் ஒருவருக்காக நின்றபடியே ஆட ஆரம்பித்தார்களாம். எனக்குக் கிரிக்கெட் பழக்கம், பின்கால் தானாக எழுந்துவிடும். "கால ஊணுடா, கால ஊணுடா" என்று மாமா கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

4. கை சும்மா இருக்கட்டும்

குண்டு விழப்போகும் இடத்தில் ஒரு சரளைக்கல் துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்துப் போட்டேன். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். தரையில் இருப்பதை நகர்த்தவோ அமுக்கவோ கூடாது. முந்தைய குண்டு உண்டாக்கிய ஒரு குழியை மூடலாம், அவ்வளவுதான்.

5. எப்போது அடிப்பது

யாருடைய குண்டு கொஷொனேவுக்குக் கிட்டே இருக்கிறதோ அவர்கள் சும்மா நிற்பார்கள், மற்றவர்கள்தான் எறிய வேண்டும். எதிரி குண்டு ஒட்டி நின்றால் இரண்டே வழி: அதைவிடக் கிட்டே வைப்பது, அல்லது நேராக அடித்துத் தூக்குவது. அடிப்பதுதான் கைதட்டல் வாங்கும். ஞாயிறு காலை நானும் அடித்தேன். ஒன்று காற்றில் போனது. இன்னொன்று எங்கள் குண்டையே தூக்கியடித்தது. "துப்பாக்கி கையில இருந்தா சுட்டே ஆவணுமா?" என்றார் மாமா. முதல் சில மாதங்கள் வைக்க மட்டும் பழகுங்கள்.

6. அளப்பது

கடைசி ஆட்டம் 12-12. எல்லாக் குண்டும் எறிந்தாயிற்று. அவர்களுடையது ஒன்று, எங்களுடையது ஒன்று, கண்ணுக்குச் சரிசமம். கடைசிக் குண்டு என்னுடையது என்பதால் அளப்பதும் எங்கள் அணியின் வேலை. டேப்பை இழுத்துக்கொண்டு முட்டி போட்டேன். உள்ளங்கை ஈரம். டேப்பின் தகரமுனை வழுக்கி கொஷொனேவைத் தட்டியது. அரை விரற்கடை நகர்ந்திருக்கும். அளக்கும்போது கொஷொனேவையோ போட்டியிலிருக்கும் குண்டையோ நகர்த்துகிற அணிக்கு அந்தப் புள்ளி போச்சு என்பது விதி. 13-12, அவர்களுக்கு.

கை நடுங்கினால் நடுவரைக் கூப்பிடுங்கள், அவர் வந்து அளப்பார். முடிவு சொல்லும்வரை கிடக்கும் குண்டு எதையும் பொறுக்காதீர்கள், பொறுக்கினால் அது கணக்கில் வராது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டார், என் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.