மூட்டை இறக்குபவருக்கு மூட்டைதான் தெரியுமா?

கும்பகோணத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினெட்டு வருடம் நிர்வாகம் பார்த்தேன். ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு எது என்று கேட்டால், ஒருவர் வந்து சேர்ந்த அன்று செய்த வேலைதான் அவருடைய அளவு என்று முடிவுகட்டிவிடுவது என்பேன். அதை நானே செய்திருக்கிறேன்.

எங்களிடம் மூட்டை இறக்க ஒருவர் இருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். லாரிக்குப் பக்கத்தில் நிற்கும்போதே சாக்கின் ஓரத்திலிருந்து நாலு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். ‘டக்’கென்று முறிந்தால் பேசாமல் மூட்டையைத் தூக்குவார். பல்லில் நசுங்கினால், "இது காய்ச்சல் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்; நெல் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம். ஈரப்பதம் பார்க்கத்தான் மீட்டர் இருக்கிறதே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு சம்பா அறுவடையில் மீட்டரை நம்பி ஒரு லோடை எடுத்தோம். மேல் மூட்டைகள் நல்ல காய்ச்சல். அடியில் இருந்தது பனியில் கிடந்த நெல். இரண்டும் கலந்து பச்சரிசிக்கு அரைத்தபோது குருணையாகக் கொட்டியது. அடிமூட்டையை இறக்கும்போதே அவர் சொல்லியிருந்தார். மீட்டர் கையில் எடுத்த பிடி நெல்லுக்குத்தான் பதில் சொல்லும். எந்த மூட்டையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்தது.

சரி, திறமை தெரிந்துவிட்டது. அப்புறம் நான் செய்தது இரண்டாவது தவறு. அவரைச் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி ஆக்கினேன். நேற்றுவரை ஒரே தூக்கில் சோறு பகிர்ந்தவர்களை இன்று அதட்ட வேண்டும். அவரால் முடியவில்லை. இரண்டே மாதத்தில் முகம் வாடிப்போய் வந்து நின்றார். "நெல்லு பாக்குற வேலையையே குடுங்க சார், இது வேணாம்" என்றார். ஒருவரை உயர்த்துவது என்றால் நாலு பேருக்கு மேலே உட்கார வைப்பது என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மூட்டையில் குத்தி நெல் எடுத்துப் பார்க்கும் குத்தூசியைக் கையில் கொடுத்து, மேஸ்திரிச் சம்பளத்தையே கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் கடித்துப் பார்க்காத லோடு உள்ளே வந்ததில்லை.

சான்றிதழை மட்டும் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர மற்றவற்றில் தேறாததால் அதை இழந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர், அவருடைய கணித நோட்டுகளையும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவாக இருந்தார். மறு வருடம் சனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜனின் கடிதம் போனது. 1918-ல் இராமானுஜன் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். மேலதிகாரி என்றால் நாராயண ஐயரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் ஒரு ஹாலில் ஒரு நாள் வகுப்பு, மதியம் சாப்பாடு, சாயங்காலம் போட்டோ. திங்கட்கிழமை வந்தால் அதே பழைய வேலை. விக்கிரகம் வார்க்கும் சுவாமிமலைப் பட்டறைகளில் கற்றுக்கொள்ள வருகிறவர் வண்டல் மண் பிசைவதிலும் அரம் போடுவதிலும் தொடங்குகிறார். அவர் கைபடுவது நிஜமான விக்கிரகத்தில். கற்றதை மறுநாளே செய்யக் கொடுக்காத பயிற்சிக்குச் செலவழிக்காதீர்கள்.

கடைசியாக, கேட்காமல் இருப்பது. கல்லும் கருப்பரிசியும் பிரிக்கும் எந்திரத்துக்கு ஆள் தேடி நான் எங்கெங்கோ சொல்லி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, களத்தில் நெல் கிண்டும் ஓர் அம்மாவிடம், "இங்கே வேறு எந்த வேலை செய்து பார்க்க ஆசை?" என்று கேட்டேன். முறத்தில் அரிசி பார்த்தே பழகிய கண் அவருக்கு. "அந்த மெசின் ரூமுக்குள்ள ஒரு தடவ வுட்டுப் பாருங்க தம்பி" என்றார்.

திங்கட்கிழமை விட்டோம்.