காக்னி பேச்சைப் பிடிப்பது எப்படி?

காக்னி என்பது கிழக்கு லண்டன் உழைக்கும் மக்களின் ஆங்கிலப் பேச்சு. அந்தப் பக்கம் ஈஸ்ட் ஹாமில் நான் வேலை பார்த்த கடைக்கு வந்த பெரியவர், "அவ் எ புட்சர்ஸ்" என்று ரசீதை நீட்டினார். நான் கறிக்கடைக்கு வழி சொன்னேன்! அவர் சொன்னது, "இதைக் கொஞ்சம் பாருப்பா".

சூட்சுமம் இதுதான். 'லுக்'குக்கு (பார்) இயைபாக 'புட்சர்ஸ் ஹுக்' (கறிக்கடைக் கொக்கி). பிறகு அந்த ஹுக்கையே வெட்டிவிடுவார்கள். ஆகவே சம்பந்தமில்லாத சொல் காதில் விழுந்தால் அறுந்த வாலைத் தேடுங்கள். 'சைனா'வுக்கு வால் பிளேட். அதாவது மேட், கூட்டாளி. 'ரூபி'க்கு வால் மர்ரி, 1950களின் பாடகி. பொருள், கறிக் குழம்பு!

பேசிப் பார்க்க ஆசையா? முதலில் 'ஹ'வை விழுங்குங்கள். 'வாட்டர்' நடுவிலுள்ள 'ட்ட'வைத் தொண்டையிலேயே அடையுங்கள்.

பேரத்தில் கவனம்: 'போனி' 25 பவுண்ட், 'மங்கி' 500.

படிக்கட்டுக்கு, அதாவது 'ஸ்டேர்ஸ்'க்கு, 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பதை மட்டும் யார் வாயிலும் கேட்டதில்லை. சுற்றுலாக் கடை டீ கப்பில்தான் பார்த்தேன்.