வான்வழிக் கட்டுப்பாட்டு உரையாடலைக் கேட்கப் பழகுதல்: பந்திங் வட்டாரத்தவர்க்கு ஒரு வழிகாட்டி

பந்திங் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குடியிருப்பவர்களுக்கு விமானம் புதுமையான காட்சி அன்று. 1998 ஜூன் 27 அன்று சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் செம்பனையும் ரப்பரும் நின்ற தோட்ட நிலத்தின்மேல் கட்டப்பட்டது. ஆகவே அதன் ஓடுபாதைகளை நம் வட்டாரத்தின் ஒரு பகுதி என்றே சொல்லலாம். தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் தரையில் இருக்கும் ஒருவர் வானொலி வழியே உயரம், திசை, வேகம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த உரையாடலைக் கேட்டுப் புரிந்துகொள்வது உலகின் பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. இதைத் தொடங்க விரும்புபவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவியை வாங்கலாம் என்றே முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் கருவி கடைசியில் வர வேண்டியது. அடுத்து என்ன சொல்லப்படும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இரைச்சலுக்கு நடுவே வரும் வேகமான பேச்சு புரியும். அது தெரியாதவருக்கு விலையுயர்ந்த கருவியிலும் இரைச்சலே மிஞ்சும்.

கருவியைப் பின்னுக்குத் தள்ளுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு, உரிய அதிகாரமின்றிப் பிறருடைய தகவல்தொடர்பை இடைமறிப்பதையும், அவ்வாறு அறிந்ததை வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. எனவே இந்நாட்டு வான்வழி அலைவரிசைகளைச் சொந்த வானொலியில் கேட்க நினைப்பவர், காசைச் செலவழிப்பதற்கு முன்பே மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதி, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெற வேண்டும். இணையக் கடையில் விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: அமெரிக்காவில் இதைக் கேட்பதற்கும் இணையத்தில் ஒலிபரப்புவதற்கும் தடையில்லை; பிரிட்டனில் தடை உண்டு; அதனால்தான் லைவ்ஏடிசி என்னும் இணையத்தளத்தில் பிரிட்டிஷ் விமான நிலையங்களைக் காண முடியாது. நமக்கு வசதியான வழி, சட்டம் அனுமதிக்கும் நாடுகளின் ஒலிபரப்பை அத்தளத்தில் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு, நம் வானத்தைக் கண்ணாலும் விமானத் தடச் செயலியாலும் படிப்பதுதான்.

எந்த விமான நிலையத்தில் தொடங்குவது என்பது முக்கியம். புதியவர்கள் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தைத் தேடிப் போவார்கள். அங்கே நான்கு ஓடுபாதைகள், மூச்சுவிடாமல் பேசும் கட்டுப்பாட்டாளர்கள், இரண்டே நாளில் சலிப்பு. நான் பரிந்துரைப்பது கலிபோர்னியாவின் சான் டியாகோ. அங்கே இருப்பது ஒரே ஓடுபாதை; பெரும்பாலான நேரங்களில் விமானங்கள் மேற்கே கடலை நோக்கிய 27 என்ற திசையில்தான் இறங்குகின்றன, ஏறுகின்றன. ஆகவே எந்த ஓடுபாதை என்ற குழப்பமே எழுவதில்லை. இரவு 11:30 முதல் காலை 6:30 வரை அங்கிருந்து விமானங்கள் புறப்படத் தடை உள்ளதால், காலை 6:30க்குக் காத்திருந்த விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். கோடைக்காலத்தில் அது நமக்கு இரவு 9:30 மணி. அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளும் குளிர்காலத்தில் 10:30 மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு முடித்து உட்கார ஏற்ற நேரம்.

அமெரிக்க அரசின் வான்போக்குவரத்து நிர்வாகம் ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் ஒரு பக்க வரைபடத்தை இலவசமாக வெளியிடுகிறது. அதை அச்செடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செல்லும் இணைப்புப் பாதைகள் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டிருக்கும். ‘பிராவோ’ என்று காதில் விழும்போது விரல் வரைபடத்தில் பி என்ற பாதையின்மீது போக வேண்டும். வரைபடம் இல்லாமல் கேட்பது வீண் வேலை.

ஒரு விமானம் பல கைகள் மாறிப் பறக்கிறது. புறப்படுவதற்கு முன் ‘டெலிவரி’ என்ற பணியிடம் பயண வழிக்கான அனுமதியைத் தருகிறது. ‘கிரவுண்ட்’ விமானத்தைத் தரையில் நகர்த்துகிறது. ‘டவர்’ ஓடுபாதையை ஆள்கிறது. மேலெழுந்தவுடன் ‘டிபார்ச்சர்’ ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் நெடுவழி முழுவதும் வட்டாரக் கட்டுப்பாட்டு மையம் பார்த்துக்கொள்கிறது. சேருமிடத்தை நெருங்கும்போது ‘அப்ரோச்’, மறுபடியும் டவர், மறுபடியும் கிரவுண்ட். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைவரிசை உண்டு. முதல் சில வாரங்கள் டவரை மட்டும் கேளுங்கள். அதில் பேசப்படுபவை மிகச் சில: ஓடுபாதையில் ஏறி நிற்கச் சொல்லும் ‘லைன் அப் அண்ட் வெயிட்’, புறப்பட அனுமதிக்கும் ‘க்ளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்’, இறங்க அனுமதிக்கும் ‘க்ளியர்ட் டு லேண்ட்’, இறங்காமல் மீண்டும் மேலேறச் சொல்லும் ‘கோ அரவுண்ட்’, அடுத்த அலைவரிசைக்கு அனுப்பி வைக்கும் ‘கான்டாக்ட்’. இந்த ஐந்தையும் பிடித்துவிட்டால் டவரின் பேச்சில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

வாக்கிய அமைப்பும் மாறாதது. கட்டுப்பாட்டாளர் பேசும்போது விமானத்தின் அழைப்புப் பெயர் முதலில் வரும், கட்டளை பின்னால் வரும். விமானி பதில் சொல்லும்போது கட்டளையைத் திருப்பிச் சொல்லி, தன் அழைப்புப் பெயரால் பெரும்பாலும் முடிப்பார். அழைப்புப் பெயர் எப்போதும் நிறுவனத்தின் பெயராக இருப்பதில்லை. ஏர்ஏசியா ‘ரெட் கேப்’ என்றும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பர்ட்’ என்றும், ஸ்கூட் ‘ஸ்கூட்டர்’ என்றும் அழைக்கப்படுகின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் ‘மலேசியன்’ என்றே வரும். எண்கள் பெரும்பாலும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லப்படுகின்றன; ஒன்பது ‘நைனர்’ ஆகிறது. ‘ஃப்ளைட் லெவல் த்ரீ ஃபைவ் ஸீரோ’ என்றால் 35,000 அடி. நேரம் முழுவதும் உலகப் பொது நேரத்தில் கணக்கிடப்படுவதால், மலேசிய நேரத்திலிருந்து எட்டு மணியைக் கழிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கட்டளையைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் வெறும் சடங்கு அன்று. தவறாகக் கேட்டது அந்த இடத்திலேயே பிடிபடுவதற்கான ஏற்பாடு அது. நம் நாட்டவர் எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 2014 மார்ச் 8 அதிகாலை 1:19 மணிக்குக் கோலாலம்பூர் கட்டுப்பாட்டு மையம் எம்எச்370 விமானத்தை ஹோ சி மின் மையத்தின் 120.9 அலைவரிசைக்கு மாறும்படி கூறியது. விமானத்திலிருந்து வந்த பதிலில் இரவு வணக்கமும் அழைப்புப் பெயரும் இருந்தன, அலைவரிசை எண் திருப்பிச் சொல்லப்படவில்லை. இதை வைத்துக் கதை கட்ட வேண்டியதில்லை. ஆனால் முறையான பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்த காது, எண் விடுபட்டதை உடனே உணரும். அந்த உணர்வு வருகிறதா என்பதைக் கொண்டே உங்கள் முன்னேற்றத்தை அளந்துகொள்ளலாம்.

இவ்வளவு வளர்ந்த துறையில் குரல் ஏன் இன்னும் பழைய ஏஎம் (அலைவீச்சுப் பண்பேற்றம்) முறையில் கரகரப்பாக வருகிறது என்ற கேள்வி எல்லாருக்கும் எழும். பண்பலை முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மற்றதை முற்றாக விழுங்கிவிடும். வலுவிழந்தவர் பேசியது யாருக்கும் தெரியவே தெரியாது. ஏஎம் முறையில் இரண்டு அலைகளும் மோதி ஒரு சீழ்க்கை ஒலி எழும். சொற்கள் புரியாவிட்டாலும் இருவர் பேசினார்கள் என்பதாவது தெரியும். இதன் முழுக் கனத்தையும் உணர்த்தியது 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனெரிஃப் விமான நிலையத்தில் நடந்த விபத்து. மூடுபனியில் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 புறப்படத் தொடங்கிய வேளையில், அதை நிற்கச் சொன்ன டவரின் செய்தியும், ஓடுபாதையில்தான் இன்னும் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் செய்தியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கேஎல்எம் விமானிகளின் காதுக்கு எட்டியதில் பெரும்பகுதி சீழ்க்கையே. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் மாண்டனர். அதற்குப் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட உண்மையில் அனுமதி தரும்போதோ அதை இரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இறுகியது. டவரைக் கேட்கும்போது கவனியுங்கள்: மற்ற எல்லா இடங்களிலும் ‘டிபார்ச்சர்’ என்ற சொல்லே வரும்.

காது ஓரளவு பழகியதும் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு மாறலாம். அமெரிக்கர்கள் அலைவரிசை எண்ணில் புள்ளியைப் ‘பாயிண்ட்’ என்பார்கள், காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்வார்கள். ஆஸ்திரேலியரும் நம்மவரும் ‘டெசிமல்’ என்றும், காற்றழுத்தத்தை ‘க்யூஎன்எச்’ என்று தொடங்கி ஹெக்டோபாஸ்கலிலும் சொல்கிறோம். நம் வானத்தின் வழக்கு சிட்னிக்கு நெருக்கமானது. அங்கும் இரவுத் தடை காலை 6 மணிக்கு முடிகிறது. நமக்கு அது அதிகாலை நான்கு, அவர்களின் கோடைக்காலத்தில் மூன்று. தோட்டத்தில் பெரட்டுக்கு (அதிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு) எழுந்த தலைமுறைக்கு இது பெரிய விழிப்பு இல்லை.

இனி நம் வானம். கோலாலம்பூர் விமான நிலையத்தின் மூன்று ஓடுபாதைகளும் இணையாக வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கின்றன. ஓடுபாதையின் எண் அது நோக்கும் காந்தத் திசையின் பாகையில் கடைசி இலக்கத்தை நீக்கியது. 14 என்றால் ஏறத்தாழ 140 பாகை. இரண்டு ஓடுபாதைகள் 14 இடது, 14 வலது எனப்படுகின்றன. மூன்றாவதும் இணையானதே என்றாலும் குழப்பம் தவிர்க்க அதற்கு 15 என்று பெயர். விமானங்கள் இயன்றவரை காற்றை எதிர்கொண்டே இறங்கும். 14 பயன்பாட்டில் இருக்கும்போது அவை பந்திங்குக்கு வடகிழக்கே வரிசையாகக் கூடி, தென்கிழக்கு நோக்கித் தாழ்ந்து வரும்; எதிர்த்திசையான 32 பயன்பாட்டில் இருக்கும்போது அதே பக்கத்தில் விமானங்கள் மேலேறிச் செல்லும். வாசலில் நின்று பார்த்தே அன்றைய ஓடுபாதையைச் சொல்லிவிடலாம். பின்பு ஃப்ளைட்ரேடார்24 செயலியைத் திறந்து, விடை சரியா என்று பாருங்கள். இறங்கும் பாதை வழக்கமாக மூன்று பாகைச் சாய்வு கொண்டது. அதாவது ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 320 அடி. செயலியில் உயரம் 3,000 அடி என்று காட்டினால், ஓடுபாதைக்கு இன்னும் ஒன்பது, பத்து கடல்மைல் இருக்கிறது. விமானி இறுதி வரிசையில் இருக்கிறார், அப்ரோச்சிலிருந்து டவருக்கு மாற்றும் கட்டளை நெருங்குகிறது. ஒலி இல்லாமலேயே உரையாடலை நீங்களே எழுதிப் பார்க்கலாம். மிகச் சிறந்த பயிற்சி இதுதான்.

இந்தப் பயிற்சிக்கு ஏற்ற பொழுது, பருவமாற்ற மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரின் பிற்பகல். இடிமேகம் திரண்டதும் சீரான கோடுகள் கலைகின்றன. மேகத்தைச் சுற்றிச் செல்ல இத்தனை பாகை இடம் அல்லது வலம் திரும்ப விமானிகள் அனுமதி கேட்பார்கள். கட்டுப்பாட்டாளர் சிலரை நீள்வட்டத்தில் சுற்றிக் காத்திருக்கச் சொல்வார். செயலியில் அந்த வட்டங்கள் ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தெரியும். ஒன்றைத் தொட்டு உயரம் பார்த்தால், அடுத்ததற்கு இடையே குறைந்தது 1,000 அடி இடைவெளி இருக்கும். கீழே இருப்பவர் வெளியேறி இறங்கியதும் மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு படியாகத் தாழ்வார்கள். தோட்ட மண்டோரின் செக்ரோல் (வருகைப் பதிவேடு) போல ஒரு குறிப்பேட்டில் விமானத்தின் பெயர், வந்த நேரம், உயரம், சுற்றிய தடவை ஆகியவற்றை எழுதி வாருங்கள்; கட்டுப்பாட்டாளர் எந்த வரிசையில் யாரை விடுவித்தார் என்பது அதிலிருந்து தெளிவாகும்.

ஆணையத்தின் அனுமதி கிடைத்தவர்களுக்குக் கருவி பற்றிச் சுருக்கமாக: விமானக் குரல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில் ஒலிக்கிறது, வீட்டு வானொலியின் பண்பலை 108இலேயே நின்றுவிடுவதால் அதில் கேட்காது. பேசும் வசதியும் கொண்ட மலிவான வாக்கி-டாக்கிகளை வாங்காதீர்கள். விரல் தவறிப் பொத்தானில் பட்டால் அது விமானங்களுக்கு இடையூறு. சிரிம் என்னும் மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை பெற்ற, கேட்க மட்டும் பயன்படும் கருவி போதும். ஏறத்தாழ 59 சென்டிமீட்டர் நீளக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தினால் நல்ல அலைவாங்கி கிடைக்கும். நிறைய வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. இந்த அலைகள் நேர்கோட்டில் செல்வதால், செம்பனைக்கு நடுவே தாழ்வான வீட்டிலிருப்பவருக்குக் கோபுரத்தின் குரல் வராமல் விமானியின் குரல் மட்டும் வரலாம். 35,000 அடியில் பறக்கும் விமானத்தை 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்க முடியும். பாதி உரையாடல் மட்டுமே கேட்கும்போது மறு பாதியை ஊகிக்க, மேலே சொன்ன பயிற்சி கைகொடுக்கும்.

ஒருநாள் ‘மேடே’ அல்லது ‘பான்-பான்’ என்ற அழைப்பும், செயலியில் 7700 என்ற அவசரக் குறியீடும் உங்கள் முன் வரக்கூடும். முதலாவது உயிராபத்தைக் குறிப்பது; இரண்டாவது அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்பது. 7700 தெரிந்த விமானங்களில் மிகப் பல, பயணி ஒருவரின் உடல்நலக் கோளாறாலோ சிறு இயந்திரப் பழுதாலோ முன்னுரிமை கேட்டு, பத்திரமாக இறங்கிவிடுபவை. கேட்டதையோ செயலியின் படத்தையோ புலனத்தில் பரப்ப வேண்டாம். அந்த விமானத்தில் இருப்பவரின் குடும்பம் பக்கத்து வரிசை வீட்டிலேயே இருக்கலாம். உள்நாட்டு அலைவரிசையில் கேட்டதாக இருந்தால், பரப்புவதே 234ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றமாகவும் ஆகும்.