எந்தப் புதுத் தொழில்நுட்பம் பரவும்? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

ஒரு புதுப் பொருள் நிலைக்குமா என்பதைச் செய்தியில் அதன் பெயர் அடிபடுவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். 2010 வாக்கில் முப்பரிமாணத் தொலைக்காட்சிக்குத்தான் எங்கும் ஆரவாரம். 2017-இல் எல்ஜியும் சோனியும் அதைக் கைவிட்டன. பார்க்க வேண்டியது பங்கு: அந்த ஆண்டு விற்ற அந்த வகைப் பொருள்களில் புதியது நூற்றுக்கு எத்தனை?

நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பேட்டரியில் மட்டுமே ஓடுபவை 2016-இல் சுமார் 16%, 2018-இல் 31%, 2020-இல் 54%. இந்த மூன்று எண்களை வைத்தே 2024-ஐக் கணிக்கலாம்.

முதலில் ஒவ்வொரு பங்கையும் மீதியால் வகுங்கள். 16-ஐ 84-ஆல் வகுத்தால் 0.19, 31-ஐ 69-ஆல் வகுத்தால் 0.45, 54-ஐ 46-ஆல் வகுத்தால் 1.17. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய 2.5 மடங்கு. இந்த மடங்கு சீராக இருந்தால்தான் மேலே போகலாம். ஒரு முறை 4, மறுமுறை 1.2 என்று தாவினால் கணிப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1.17-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 2.9. அதைப் பங்காக மாற்ற, அதனோடு 1 கூட்டி, வரும் எண்ணால் அதை வகுக்க வேண்டும்: 2.9 ÷ 3.9 = 74%. இது 2022-க்கு. 2.9-ஐ இன்னொரு முறை 2.5-ஆல் பெருக்கி, இப்படியே மாற்றினால் 2024-க்கு 88%. நடந்தது 2022-இல் 79%, 2024-இல் 89%. இதற்குப் பதிலாக 31-லிருந்து 54-க்கு ஏறிய 23-ஐ அப்படியே கூட்டிக்கொண்டே போயிருந்தால் 2024-இல் 100, 2026-இல் 123% என்று வந்து நிற்கும்! பங்கு மெதுவாகத் தொடங்கி, நடுவில் பாய்ந்து, உச்சியில் மறுபடி மெதுவாகும். அதனால்தான் நேர்க்கோடு ஏமாற்றுகிறது.

பங்கு 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முதல் மீளும் காலத்தை, அதாவது கூடுதலாகக் கொடுத்த விலை மிச்சப் பணமாகத் திரும்பி வர எவ்வளவு நாள் ஆகும் என்பதைப் பாருங்கள். பெட்ரோல் ஸ்கூட்டரைவிட மின்சார ஸ்கூட்டருக்கு 30,000 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 2.20 ரூபாய். மின்சாரத்தில் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 24 காசுதான். மிச்சம் கிட்டத்தட்ட 2 ரூபாய். நாளுக்கு 20 கிலோமீட்டர் போகிறவருக்கு முதல் திரும்ப இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். 100 கிலோமீட்டர் ஓடும் டெலிவரிக்காரருக்கு ஐந்தே மாதம். ஆகவே முதலில் யார் வாங்குவார்கள் என்று தேடினால் அவரைத்தான் பார்க்க வேண்டும். முதல் சீக்கிரம் திரும்பும் ஆளே இல்லாத பொருள் பரவுவது கடினம்.

விலை இன்னும் இறங்குமா என்பதை உற்பத்தி முறை சொல்லும். சோலார் தகடுகளில் மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20% குறைந்திருக்கிறது. ஒரே மாதிரிச் சிறு துண்டுகளைத் தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் செய்வதால் வரும் இறக்கம் இது. அணுமின் நிலையம்போல இடத்துக்கு இடம் புதிதாகக் கட்டுபவற்றில் இதை எதிர்பார்க்கக் கூடாது.

தவறு அதிகம் நேர்வது இரண்டு இடத்தில். ஒன்று, புது விற்பனையையும் மொத்த இருப்பையும் குழப்புவது. 2024-இல் நார்வேயின் புது விற்பனையில் 89% மின்சாரக் கார். சாலையில் இருந்த கார்களில் அது கால்வாசியைச் சற்றே தாண்டியிருந்தது. சார்ஜர் கடை போடுகிறவருக்குத் தேவை இரண்டாவது எண்.

மற்றது மானியம். 2023 டிசம்பரில் ஜெர்மனி வாங்குவோருக்கான மானியத்தைத் திடீரென நிறுத்தியது. அடுத்த ஆண்டு மின்சாரக் கார் விற்பனை கால் பங்குக்கு மேல் சரிந்தது. நார்வேயின் ஏற்றத்திலும் வரிவிலக்குக்குப் பெரிய கை உண்டு. எனவே முதல் மீளும் காலத்தை மானியத்தோடு ஒரு முறை, மானியம் இல்லாமல் ஒரு முறை போட்டு, இரண்டாவதை நம்புங்கள்.