பளபளப்பை நம்பாதீர்கள்: டைட்டானியம், இன்கோனல் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தத் துளையின் விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. ஆழம் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஜெட் எஞ்சினின் முகப்பில் சுழலும் விசிறியைத் தாங்குகிற டைட்டானிய மையத்தில் போல்ட்டுகளுக்காகப் போடப்பட்ட 24 துளைகளில் அது ஒன்று. டிரில் செய்து, போரிங் செய்து, ஹோனிங்கும் (நுண்சாணைக் கல்லால் தேய்ப்பது) முடித்துத்தான் அனுப்பினார்கள். 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில் டெல்டா நிறுவனத்தின் 1288 எண் விமானம் புறப்படுவதற்காக ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மையம் பிளந்தது. சிதறிய துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்ததில் இருவர் இறந்தார்கள்.

விரிசல் தொடங்கிய இடம் அந்தத் துளையின் சுவர். டிரில் செய்தபோது அங்கே உலோகத்தின் நுண்ணமைப்பே மாறிப் போயிருந்தது. டிரில் பிட்டின் இரும்புகூட அதில் கலந்திருந்தது. குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எட்டாமல், வெட்டிய உலோகச் சுருள் அடைத்துக்கொண்டு, அந்த ஓரிடம் மட்டும் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. தயாரிப்பின்போது நடந்த எட்ச் சோதனையில் (ரசாயனத்தால் பரப்பை அரித்துப் பார்ப்பது) அங்கே ஏதோ தெரியவும் செய்தது. ஆனால் நிராகரிக்க வேண்டியவை என்று வைத்திருந்த மாதிரிப் படங்கள் எதனோடும் அது பொருந்தாததால் தேறிவிட்டது. பின்னாளில் பராமரிப்புச் சோதனையிலும் விரிசல் கண்ணில் படவில்லை. 20,000 முறை பறக்க வேண்டிய பாகம் 13,835-ஆவது முறையில் உடைந்தது.

எந்திரப் பட்டறையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தத் துளையின் கதையைத்தான். மேற்பரப்பு என்பது கண்ணுக்குத் தெரிகிற தோல் மட்டும் அல்ல. அதற்குக் கீழே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வரை இறங்குகிற ஓர் அடுக்கு அது. கருவி அதை எப்படி வெட்டியது, எவ்வளவு சூடாக்கியது, எவ்வளவு அழுத்தியது என்பதெல்லாம் அந்த அடுக்கில் பதிந்திருக்கும். ஆய்வாளர்கள் மைக்கேல் ஃபீல்டும் ஜான் காலஸும் 1964-இல் ‘சர்ஃபேஸ் இன்டெக்ரிட்டி’ (மேற்பரப்பு அடுக்கின் நலம்) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். சொல் வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. நம் பட்டறைகளிலோ இன்னும் நகத்தால் கீறிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ‘நல்ல ஃபினிஷ்’ என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

சாதாரண எஃகில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் நம்மைக் கைவிடுவதில்லை. கடினமான கலவைகளில் கைவிட்டுவிடுகிறது. காரணம் வெப்பம். நடுத்தரக் கார்பன் எஃகின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 50 வாட். நிக்கல் கலவையான இன்கோனல் 718-க்கு அது 11 அளவில்தான். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த டைட்டானியத்துக்கு 7 அளவில். எஃகில் சுருளோடும், வெட்டப்படும் பாகமான ஜாபோடும் பரவிப் போகிற சூடு, இவற்றில் கருவியின் முனையிலேயே தேங்குகிறது. போதாததற்கு, டைட்டானியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் பாதியைச் சற்றே தாண்டும். வெட்டிய பரப்பு மீண்டெழுந்து கருவியின் அடிப்பக்கத்தில் உரசும். இன்கோனலோ வெட்ட வெட்ட இறுகும்.

ஆர்.ஏ. எண்ணை மட்டும் பார்ப்பது

டிராயிங்கில் பரப்பின் சொரசொரப்பு அளவான ஆர்.ஏ. 0.8 மைக்ரான் என்று இருக்கிறது, அளக்கும் கருவி 0.6 காட்டுகிறது, வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஆர்.ஏ. என்பது மேடு பள்ளங்களின் சராசரி. கூரிய பள்ளங்கள் நிறைந்த பரப்பும் கூரிய மேடுகள் நிறைந்த பரப்பும் ஒரே ஆர்.ஏ. காட்டலாம். மேடுகள் தேய்ந்து சமனாகிவிடும். பள்ளங்களிலோ விரிசல் பிறக்கும். திரும்பத் திரும்பச் சுமை ஏறும் பாகம் என்றால், குறைந்தது ஆர்.இசட். (மேட்டின் உச்சிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள உயரம்) அளவையும் வரைபடக் கோட்டின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்கும் கருவியின் ஊசி மேலே ஊர்ந்து போவது மட்டும்தான். கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இந்த எண்ணை இலக்காக வைத்துக்கொண்டால் இன்னொரு வலையிலும் விழுவோம். டர்னிங்கில் கிடைக்கக்கூடிய ஆர்.ஏ.வைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஃபீடின் (ஒரு சுற்றுக்குக் கருவி நகரும் தூரம்) வர்க்கத்தை, நோஸ் ரேடியஸின் (கருவி முனையின் வளைவு ஆரம்) 32 மடங்கால் வகுக்க வேண்டும். 0.8 மி.மீ. நோஸ் ரேடியஸில் 0.2 மி.மீ. ஃபீட் கொடுத்தால் சுமார் 1.6 மைக்ரான். ஃபீடைப் பாதியாக்கினால் 0.4 மைக்ரான். இதைப் பார்த்ததும், இன்னும் குறைத்தால் இன்னும் நன்றாக வரும் என்று யாருக்கும் தோன்றும். காகிதத்தில் அப்படித்தான் வரும். ஆனால் எந்த வெட்டு விளிம்பும் சவர பிளேடு அல்ல. கார்பைடு இன்சர்ட்டின் (கழற்றி மாற்றக்கூடிய வெட்டு முனை) விளிம்பு இருபது, முப்பது மைக்ரான் அளவுக்கு உருட்டப்பட்டிருக்கும். அந்த உருட்டலோடு ஒப்பிட மிக மெல்லிய படலத்தை எடுக்கப் போனால் கருவி வெட்டாது. உலோகத்தை அழுத்தி, தேய்த்து, முன்னே தள்ளிவிட்டுப் போகும்.

‘ஒரு ஸ்பிரிங் கட் ஓட்டிவிடலாம்’ என்பது

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் இன்கோனல் 718 புஷ் (உருளை உறை) ஒன்றின் உள்விட்டத்தை முடித்துக்கொண்டிருந்தோம். அளவுக்கு இன்னும் 0.04 மி.மீ. எடுக்க வேண்டியிருந்தது. ஆப்பரேட்டர் கவனமான மனிதர். பயந்து பயந்து 0.02 கொடுத்தார். கருவி உள்ளே போய் வந்தது, அளவு மாறவில்லை. கொடுத்த அளவை மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டினார், ஸ்பிரிங் கட் என்பது இதுதான். சன்னமான கீச்சொலி மட்டும் கேட்டது, சுருள் வரவே இல்லை. மூன்றாம் முறை மேலும் 0.02 கொடுத்ததும் கருவி திடீரென்று கடித்துக்கொண்டு, வேண்டியதைவிட அதிகமாக எடுத்துவிட்டது. புஷ் கழிவுக்குப் போனது.

கழிவுதானே என்று அதை வெட்டி, மெருகேற்றி, எட்ச் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். வெளியே பார்த்தால் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்த பரப்பு அது. உள்ளே, ஆழத்தில் உருண்டையாக இருந்த உலோக மணிகள் விளிம்பை நெருங்க நெருங்கக் காற்றில் சாய்ந்த நெற்பயிர் போல ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. விளிம்பை ஒட்டி மணிகளையே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு உரசலும் அந்த அடுக்கை மேலும் இறுக்கியிருக்கிறது. முதலில் வெட்டாமல் உரசிய கருவி மூன்றாம் முறை திடீரென்று கடித்தது அதனால்தான்.

ஆகவே கடைசி வெட்டுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்யக் கூடாது. முந்தைய வெட்டு இறுக்கிவிட்டுப் போன அடுக்குக்குக் கீழே கருவி இறங்க வேண்டும். இன்கோனலில் ஃபினிஷிங்குக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக விட எனக்கு மனம் வராது. அளவு பிடிக்க வேண்டுமானால், கடைசிக்கு முந்தைய வெட்டையும் கடைசி வெட்டையும் ஒரே ஆழத்தில் எடுங்கள். முதலில் கருவி எவ்வளவு வளைந்து கொடுத்தது என்று அளந்துகொண்டு, அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம்.

மில்லிங்கிலும் இதே கதைதான். கட்டரின் பல் சுருளின் மெல்லிய பக்கத்தில் நுழைந்தால் முதலில் உரசிவிட்டுத்தான் கடிக்கும். தடித்த பக்கத்தில் நுழைந்து மெல்லிய பக்கத்தில் வெளியேறும் கிளைம்ப் மில்லிங்கே இந்த உலோகங்களுக்கு ஏற்றது. துளையின் அடியில் டிரில்லைச் சுழல விட்டு நிறுத்தி வைப்பது, மூலையில் ஃபீட் நின்று போவது, இவையும் உரசல்தான்.

தேய்ந்த இன்சர்ட்டில் கடைசி ஜாப்

அடிப்பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆனதும் இன்சர்ட்டை மாற்று என்பது பரவலான விதி. அது கருவியின் ஆயுளுக்கான அளவுகோல். ஜாபின் நலனுக்கானது அல்ல. தேய்ந்த பகுதி அகல அகல, உரசும் பரப்பும் சூடும் கூடும். இன்கோனலில் கருவி தேயத் தேயப் பரப்பில் இழுவிசைத் தகைவு ஏறுகிறது. விரிசலைத் திறக்கிற தகைவு அதுதான். ஆர்.ஏ. எண் அப்போதும் நன்றாகவே இருக்கலாம், தேய்ந்த முனை இஸ்திரிப் பெட்டி போல மேடுகளை நீவிவிடுவதால். சில நேரங்களில் புது முனையைவிட நன்றாகக்கூட இருக்கும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. ஃபினிஷிங்குக்குப் புது முனை. அந்த முனையின் மீதி ஆயுள் ரஃபிங்குக்கு (அளவை நெருங்கும் முன் செய்யும் முரட்டு வெட்டு). செலவு கூடும் என்பார்கள். ஒரு டைட்டானிய ஃபோர்ஜிங்கின் விலையோடு ஒப்பிட்டால் இன்சர்ட் முனையின் விலை ஒரு பொருட்டே அல்ல.

இன்கோனலில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெட்டு ஆழக் கோடு இன்சர்ட்டைத் தொடும் இடத்தில் ஒரு வெட்டுக்காயம் போன்ற தேய்மானம் விழும். ஒவ்வொரு பாஸிலும் ஒரே ஆழம் கொடுத்தால் அது ஒரே இடத்தைத் தின்று, ஜாபின் விளிம்பில் பிசிறையும் கீறலையும் விடும். ரஃபிங்கில் ஆழத்தைப் பாஸுக்குப் பாஸ் மாற்றிக்கொடுத்தால் இது வெகுவாகக் குறையும்.

வேகத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்பைடில் இன்கோனல் 718-க்கு நிமிடத்துக்கு 25 முதல் 50 மீட்டர், டைட்டானியத்துக்கு 40 முதல் 60 மீட்டர் என்ற எல்லைக்குள் தொடங்குங்கள். செராமிக் இன்சர்ட்டில் இன்கோனலை 200 மீட்டருக்கும் மேல் ஓட்டலாம். ஆனால் அது ரஃபிங்குக்கு. செராமிக் கெடுத்து வைத்த அடுக்கு முழுவதும் போகும் அளவுக்குக் கார்பைடுக்கு உலோகம் மிச்சம் இருக்க வேண்டும்.

கூலன்ட் ஓடுகிறது என்பதோடு நின்றுவிடுவது

கூலன்ட் ஓடுகிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எங்கே விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஜாபின் மேல் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருக்கும். வெட்டும் விளிம்பில் ஒரு சொட்டு இருக்காது. பென்சகோலாத் துளையின் பாடமே இது. ஆழத் துளையில் டிரில்லின் உள்வழியாக அழுத்தத்தோடு கூலன்ட் முனைக்கு வர வேண்டும், வந்த வழியே சுருளைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். சுருள் அடைத்தாலோ பிட்டின் முனை உடைந்தாலோ ஸ்பிண்டில் சுமை ஏறும். அந்த நேரத்தில் எந்திரத்தை நிறுத்தி, பிட்டை மாற்றி, மீண்டும் ஓட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் விடுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் தவறுகளிலேயே மோசமானது. துளை எண், ஜாப் எண், என்ன நடந்தது, மூன்றையும் எழுதி அந்த ஜாபைத் தனியே வையுங்கள். சொன்னவரைத் திட்டாமல் இருப்பது மேற்பார்வையாளரின் கடமை. ஒருமுறை திட்டினால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிறத்தைத் துடைத்தால் எரிவும் போகும் என்று நினைப்பது

கிரைண்டிங்கில் 60 எச்.ஆர்.சி. கடினம் கொண்ட எஃகு சூட்டில் நீலம் பூத்துவிட்டால் லேசாக இன்னொரு பாஸ் ஓட்டி நிறத்தை நீக்கிவிடுகிற வழக்கம் இருக்கிறது. நிறம் என்பது மிக மெல்லிய ஆக்சைடு படலம். போனது அது மட்டுமே. சூடு மிகுந்த இடத்தில் எஃகு மறுபடி கடினமாகி, நொறுங்கும் தன்மையுள்ள வெள்ளை அடுக்காகியிருக்கும். அதன் கீழே மென்மையாகிப்போன பகுதி இருக்கும். இரண்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) கொண்டு எட்ச் செய்தால் ஒன்று வெளிறியும் மற்றது கருமையாகவும் காட்டிக்கொடுக்கும். வீல் மழுங்கிப் பளபளக்கத் தொடங்கியதும் டிரெஸ்ஸிங் (வீலின் முகத்தைச் சீவிக் கூராக்குவது) செய்யாமல் இழுத்தடிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எமரித் தாள் போட்டுத் தேய்த்து ஃபினிஷ் காட்டுவதும் இதே வகைதான். இழுபட்ட உலோகம் பள்ளத்தின் வாயை மூடிவிட்டால் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் பெனட்ரன்ட் திரவம் அதற்குள் இறங்காது. பூசி மெழுகுவது என்பார்களே, சொல்லுக்குச் சொல் அதுதான்.

வயர்கட்டில் வந்த பரப்பு முடிந்த பரப்பு அல்ல

மின்பொறியில் வெட்டும் முறையில் கருவி ஜாபைத் தொடுவதே இல்லை, ஆகவே பரப்புக்குச் சேதமில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. ஒவ்வொரு பொறியும் உலோகத்தை உருக்குகிறது. உருகியதில் ஒரு பங்கு அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த உறைந்த அடுக்கில் நுண்விரிசல்கள் இருக்கும். பொறியை உண்டாக்கும் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் இருக்கும். டைட்டானியத்தை எண்ணெயில் மூழ்க வைத்துப் பொறியிட்டால் எண்ணெயின் கார்பன் சேர்ந்து கார்பைடே உருவாகிவிடும். டிரிம் கட் (அதே பரப்பில் மெல்லிய மறுவெட்டு) கொடுக்கக் கொடுக்க அடுக்கு மெலியும். முழுவதும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். சுமை ஏறி இறங்கும் பாகமானால் ரசாயன முறையிலோ சிராய்ப்பு முறையிலோ அதை நீக்கும் வேலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்து விலை சொல்லுங்கள்.

புதிய ஆர்டர் தொடங்கும்போது ஒரு ஜாபைத் தியாகம் செய்யும்படி வாடிக்கையாளரிடம் கேளுங்கள். முதல் ஜாபை அல்ல. இன்சர்ட் மாற்றுவதற்குச் சற்று முன் வரும் ஜாபை, கருவி மிகத் தேய்ந்த நிலையில் வெட்டியதை எடுங்கள். குறுக்கே மெதுவாக, கூலன்ட் ஓட்டி அறுத்து, விளிம்பு உருளாதபடி ரெசினில் பதித்து, மெருகேற்றி, எட்ச் செய்து, விளிம்பிலிருந்து உள்நோக்கி நுண்கடினத்தைப் படிப்படியாக அளந்து வரைபடமாக்குங்கள். அந்தத் தாளை ஜாப் கார்டோடு பின் செய்து, எந்த வேகம், எந்த ஃபீட், எந்த இன்சர்ட், எத்தனையாவது ஜாப் என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள்.