உப்பு நீரில் பச்சைப்பயறு: தட்டில் தொடங்கி மரபணு வரை

காவிரி டெல்டாவின் கடலோரப் பகுதிகளில் நெல் அறுவடையை ஒட்டி உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கிறார்கள். வெயில் ஏற ஏற ஈரம் ஆவியாகி, அடிமண்ணின் உப்பு மேலே வந்து படியும். பயறு வகைகளில் பல இதைத் தாங்குவதில்லை. ஏன் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

படி 1: கரைசல்
2.9 கிராம் உப்பைக் கரைத்து 1 லிட்டராக்கினால் 50 மில்லிமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அலகு). 5.8 கிராம் போட்டால் 100, 8.8 கிராம் போட்டால் 150. ஒப்பிட்டுப் பார்க்க உப்பில்லாத தண்ணீர் ஒன்று. அயோடின் சேர்க்காத உப்பு, ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைநீர் எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும்.

படி 2: விதை
ஒரே ரகம், ஒரே பை. சொத்தையும் உடைசலும் நீக்கிவிட்டு, தட்டுக்கு 25 விதை, ஒவ்வொரு கரைசலுக்கும் 3 தட்டு. கீழே ஈரமான டிஷ்யூ தாள், மேலே மூடி. மூடி ரொம்ப முக்கியம். தண்ணீர் ஆவியானால் உப்பு அங்கேயே தங்கி அடர்த்தி கூடிவிடும். அப்புறம் உங்கள் 50 எப்போது 80 ஆனது என்றே தெரியாது. தாள் காய்ந்தால் மேலே கரைசல் ஊற்றாதீர்கள். தாளையே மாற்றி, புதிதாக நனையுங்கள்.

படி 3: அளவு
முளைவேர் 2 மி.மீ. வெளியே வந்தால் முளைத்ததாகக் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். 7ஆம் நாள் வேர், தண்டின் நீளத்தை ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். முளைப்பு எண்ணிக்கையோடு நிறுத்துவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. உப்பில் பல விதைகள் தாமதமாகவாவது முளைத்துவிடும். வேர்தான் குட்டையாக நின்றுவிடும்.

படி 4: உள்ளே நடப்பது
உப்பு முதலில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. அடுத்து, சோடியம் செல்லுக்குள் சேர்ந்து பொட்டாசியத்தின் வேலையைக் கெடுக்கிறது. பயறுக்கு இன்னொரு அடியும் உண்டு: காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தரும் பாக்டீரியாக்கள் வாழும் வேர்முடிச்சுகள். செடி சமாளிக்கும் உப்பிலேயே முடிச்சு உருவாவது குறைந்து, தழைச்சத்து வரத்தும் சுருங்கும்.

படி 5: மரபணு
இதற்கு ஆய்வகம் வேண்டும். உப்பு கொடுத்த 1, 6, 24 மணி நேரத்தில் வேரை எடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஆர்.என்.ஏ. (மரபணு செயல்படும்போது உருவாகும் நகல்) பிரித்து, கியூ-பி.சி.ஆரில் (அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளவிடும் முறை) அளப்பார்கள். எஸ்.ஓ.எஸ்.1 சோடியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் புரதத்துக்கான மரபணு. என்.எச்.எக்ஸ்.1 தரும் புரதம் சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழுக்குள் (வேக்குவோல்) பூட்டிவைக்கும். பி5சி.எஸ். புரோலின் (செல் நீரைத் தக்கவைக்க உதவும் அமினோ அமிலம்) தயாரிப்புக்கு உரியது; 1992இல் இது பிரித்தெடுக்கப்பட்டது ஒரு பயறிலிருந்துதான், ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளையும் மோத் பயறு!

கணக்கு எளிது. ஒவ்வொரு சுற்றிலும் பிரதி ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆக்டின் போன்ற, உப்பால் மாறாத மரபணுவோடு சரிசெய்த பிறகு, உப்பு கொடுத்த செடி, கொடுக்காத செடியைவிட 2 சுற்று முன்னதாகவே கருவியின் எல்லைக் கோட்டைத் தொட்டால், செயல்பாடு சுமார் 4 மடங்கு.

4 மடங்கு என்றதும் "தாங்கும் ரகம்" என்று எழுதிவிடாதீர்கள். தவிக்கிற செடியிலும் இந்த மரபணுக்கள் எகிறும். அதே செடிகளின் வேர் நீளத்தையும், இலையில் சோடியம், பொட்டாசிய அளவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.